காண்பாரற்ற கவசம்

சூரிய வெளிச்சம் ஒருபோதும் சென்று சேராத ஆழ்கடலின் அடியிலே, இளஞ்சிவப்பும் நீலமும் பொன்னுமாகப் பளபளக்கும் செதில்களைப் போர்த்துக்கொண்டு சில புழுக்கள் வாழ்கின்றன. அவற்றுக்குக் கண் இல்லை. தம் உடலின் அழகைத் தாமும் காணா; தம் இனத்தவற்றின் அழகையும் காணா. மனிதன் ஓர் இயந்திரத்தில் விளக்கைப் பொருத்தி, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, அவற்றின்மேல் ஒளியைப் பாய்ச்சியபோதுதான் அச்செதில்கள் தம் நிறத்தைக் காட்டின.

இத்தகைய புழுக்களுள் நான்கு இனங்களுக்கு 2020 ஆம் ஆண்டிலே பெயர் கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லா ஹோயா என்னும் ஊரிலுள்ள ஸ்கிறிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தைச் சேர்ந்த அவெரி ஹாச், கிறெக் ரவுஸ் ஆகியோர் அப்பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் ஒன்றுக்கு அவர்கள் தெரிந்தெடுத்த பெயர் எல்விஸ் பிறெஸ்லி என்னும் பாடகரின் பெயராகும். 1977 ஆம் ஆண்டில் மறைந்த அப்பாடகர், தம் பிற்காலத்திலே சமிக்கியும் கல்லும் பதித்த மின்னும் ஆடைகளை அணிந்து மேடையேறியவர். புழுவின் செதிலைக் கண்டவர்களுக்கு அந்த ஆடையே நினைவுக்கு வந்தது. விஞ்ஞானிகளும் இவ்வாறு விளையாடுவரோ என்று நேயர்கள் வியக்கலாம். இது புதிய வழக்கமன்று. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டுப் பேரறிஞர், 1758 ஆம் ஆண்டிலே, இப்புழுக்களுக்கு உறவான தடித்த மயிரடர்ந்த கடற்புழுவொன்றுக்குக் கிரேக்கரின் அழகுத் தெய்வமாகிய அப்புரோடைற்றியின் பெயரையே இட்டுவிட்டார். அப்புழுவைப் பார்த்தவர்கள் அதை ஆங்கிலத்தில் கடலெலி என்றே அழைத்தார்கள் என்பது வேறு கதை.

புழு என்றவுடன் மழைக்காலத்தில் முற்றத்தில் நெளியும் மண்புழுவே நம் நினைவுக்கு வருகிறது. செதிற்புழுவும் அதற்குத் தூரத்து உறவுதான். வளையம் வளையமாகத் தொடுக்கப்பட்ட உடலே இருவருக்கும் பொது. ஆனால், செதிற்புழுவுக்கு ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கங்களிலும் துடுப்புப் போன்ற கால்கள் உண்டு. அக்கால்களிலே கற்றை கற்றையாக முட்கள் உண்டு. முதுகின் மேலே, வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல, இணை இணையாகச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கரையோரங்களில் சாதாரணமாகக் காணப்படும் வகைகளிலே பன்னிரண்டு இணைச் செதில்கள் உடையனவும் பதினைந்து இணை உடையனவும் பலவாகும். ஒவ்வொரு செதிலும் அடியில் உள்ள ஒரு சிறு காம்பினால் உடலோடு பொருந்தியிருக்கிறது. ஆபத்து நேரும்போது புழு அதைக் கழற்றி எறிந்துவிடும்; பின்னர் புதிய செதில் முளைக்கும். கரையோரக் கடலில் வாழும் சில வகைகளின் செதில் கழன்றதும் ஒளிவிடத் தொடங்கும். துரத்திவந்த பகைப்பிராணி மினுங்கும் செதிலின் பின்னே போக, புழு இருளில் நழுவிவிடும். பல்லி தன் வாலைத் துடிக்கவிட்டுத் தப்புவது போன்ற தந்திரமே இது.

இக்குடும்பத்துக்குப் பொலினோயிடே என்று பெயர். பொலினோயி என்பவள் கிரேக்கப் பழங்கதைகளில் வரும் கடற்கன்னியருள் ஒருத்தி. ஏறத்தாழத் தொள்ளாயிரம் இனங்கள் இதுவரை இக்குடும்பத்திலே பதிவாகியுள்ளன. பெயர்தான் கன்னியின் பெயர், குணமோ வேட்டைக்காரனுடையது. உணவைக் கண்டதும் செதிற்புழு தன் தொண்டையை, காலுறையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்புவதுபோல, வாய்க்கு வெளியே தள்ளும். அதன் நுனியில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு தாடைகள் இருக்கும். கடித்துப் பற்றிய உடனே தொண்டை மீண்டும் உள்ளே போய்விடும்.

நம்மவர்க்கு இப்புழுக்கள் முற்றிலும் அந்நியமானவையல்ல. மன்னார்க் குடாவின் முத்துச் சிப்பிகள் அடிக்கடி அழிந்துபோவதன் காரணத்தை ஆராயும்படி அழைக்கப்பட்ட பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன், 1902 ஆம் ஆண்டிலே நம் கடலின் உயிரினங்களைப் பெருந்தொகையாகச் சேகரித்தார். அவற்றுள் முட்கால் கொண்ட புழுக்களைப் பற்றிய அறிக்கையை எழுதியவர், அக்காலத்திலே கொழும்பு நூதனசாலையின் தலைவராக இருந்த ஆதர் வில்லி என்பவர். அவ்வறிக்கை 1905 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்து சமுத்திரத்திலும் பசுபிக் சமுத்திரத்திலும் வெப்பமான பகுதிகளிலே, கடலட்டையின் உடலில் ஒட்டிக்கொண்டு, அதன் நிறத்தையே தானும் கொண்டு வாழும் செதிற்புழு ஒன்று உண்டு. வழுக்கும் அட்டையின் தோலைப் பற்றிக்கொள்வதற்கென்றே அதன் வயிற்றுப்புறத்தில் மடல்கள் அமைந்துள்ளன. கடலட்டையைக் கையில் எடுப்போர் அதைக் கண்டிருந்தாலும், அட்டையின் தோலில் ஒரு சுருக்கம் என்றே எண்ணிக் கடந்திருப்பர்.

கரையோரத்துப் புழுவை இவ்விடத்தில் விட்டு ஆழத்துக்குச் செல்வோம். ஆழ்கடலிலே உயிர் உண்டு என்பதே நெடுங்காலம் ஒப்புக்கொள்ளப்படாத செய்தியாயிருந்தது. எட்வேட் போபசு என்னும் பிரித்தானிய இயற்கையறிஞர், 1840 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஈஜியன் கடலில் வலை இழுத்துப் பார்த்தார். ஆழம் கூடக்கூட உயிரினங்கள் அருகி வருவதைக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்று முடிவுகட்டினார். 300 பாகம் என்பது ஏறத்தாழ 550 மீற்றர். தம் வலைக்கு அகப்படாததை இல்லையென்று சொல்லிவிட்டார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய செலெஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல், அதைவிடப் பன்மடங்கு ஆழத்திலிருந்தும் உயிரினங்களை வாரிக்கொண்டு வந்தது. அவற்றுள் இருந்த புழுக்களைப் பற்றி மக்கின்ரொஷ் என்னும் ஸ்கொற்லாந்து அறிஞர் 1885 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலையே எழுதினார். அதில் செதிற்புழுக்களும் இடம்பெற்றன.

இனி நம் கதைக்குரிய புழுவின் இருப்பிடத்தைப் பார்ப்போம். நான்கு புதிய இனங்களுள் ஒன்றுக்கு ஓர்பனே என்பது பெயர். ஆழ்கடற் சேற்றில் மெதேன் வாயுவை உண்டு வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்ற விக்டோரியா ஓர்பன் என்னும் பெண் விஞ்ஞானியின் பெயரால் அது வழங்குகிறது. மெக்சிக்கோ நாட்டின் மேற்கே, கலிபோர்ணியா வளைகுடாவின் தென்பகுதியில், பெஸ்கடேரோ என்னும் பள்ளத்திலே, சுமார் 3,700 மீற்றர் ஆழத்தில் இப்புழு வாழ்கிறது. நம் பிதுருதலாகலை மலையின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையை வேரோடு பெயர்த்துப் பெஸ்கடேரோவில் இறக்கினால், அதன் சிகரத்துக்கு மேலும் ஒரு கிலோமீற்றருக்கு அதிகமாகக் கடல் நிற்கும். தரையில் நம்மீது உள்ள அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 370 மடங்கு அமுக்கம் அங்கே உண்டு. சூரிய ஒளியோ ஆயிரம் மீற்றருக்கு மேலேயே அவிந்துபோகிறது.

ஒளி இல்லாத இடத்திலே செடி இல்லை. செடி இல்லாத இடத்தில் உணவு எங்கிருந்து வரும்? மேலேயுள்ள கடலிலிருந்து செத்தவையும் அழுகியவையும் மெல்ல மெல்லத் தூசிபோல விழுந்துகொண்டிருக்கும். ஆழ்கடலின் பெரும்பகுதி அந்தப் பிச்சையை நம்பியே பிழைக்கிறது. ஆனால், அங்கங்கே விருந்து நடக்கும் இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, இறந்து அமிழ்ந்த திமிங்கிலத்தின் உடல். 1987 ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவின் தெற்குக் கரைக்கு அப்பால் சாந்தா கற்றலினா பள்ளத்திலே, அல்வின் என்னும் நீர்மூழ்கியிற் சென்றவர்கள் திமிங்கிலமொன்றின் எலும்புக்கூட்டைக் கண்டனர். அதைச் சூழ்ந்து, பிற இடங்களில் காணாத பிராணிகள் கூட்டமாக வாழ்ந்தன. எலும்பினுள் இருக்கும் கொழுப்பு சிதையும்போது அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு பிறக்கிறது. நமக்கு நஞ்சாகிய அவ்வாயுவை எரிபொருளாகக் கொண்டு சில பற்றீரியாக்கள் உணவு சமைக்கின்றன. செடிக்குச் சூரியன் எப்படியோ, அவற்றுக்கு அந்த வாயு அப்படி.

கடலடியில் மெதேன் கசியும் இடங்களும் இத்தகையனவே. கடலடி வெந்நீர் ஊற்றுக்களும் அவ்வாறானவை. 1977 ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவுக்கு மேற்கே கலாப்பகோசுத் தீவுகளுக்கு அருகில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்திலே அத்தகைய ஊற்றுக்களும் அவற்றைச் சூழ்ந்த உயிர்க்கூட்டமும் முதன்முதலாகக் காணப்பட்டபோது, உயிரியல் நூல்களில் ஓர் அத்தியாயத்தையே புதிதாக எழுதவேண்டியதாயிற்று. பெஸ்கடேரோவில் உள்ளதும் இத்தகைய ஊற்றுத்தான். திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வது மேல் தாங்கும் சூடுள்ள நீர். பெஸ்கடேரோவில் பாறையிலிருந்து வெளிப்படும் நீரோ ஏறத்தாழ 290 சதமபாகை சூடுடையது. அத்துணைச் சூட்டிலும் அது கொதித்து ஆவியாகாமல் இருப்பதற்குக் காரணம் மேலே அழுத்திநிற்கும் கடலின் பாரம். அந்நீரில் கரைந்துவரும் சுண்ணாம்புப் பொருள் குளிர்ந்த கடல்நீரோடு கலந்தவுடன் படிந்து, வெண்ணிறக் கோபுரங்களாக எழுந்து நிற்கிறது. புழுக்கள் அச்சுடுநீருக்குள் வாழ்வதாக எவரும் எண்ணிவிடலாகாது. அவை வாழ்வது ஊற்றைச் சூழ்ந்த ஓரங்களிலே. அங்கே நீர் குளிர்ந்தது.

இப்புழுக்களின் சாதிப்பெயர் பெயினாலியோபொலினோயி. நாவுக்கு இடறலான பெயர்தான். கிரேக்க மொழியிலே பெயினாலியோசு என்றால் பசித்தது என்று பொருள். ஆகவே, பசித்த பொலினோயி என்று கொள்ளலாம். 1988 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் இருவர், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஆழத்தில் மக்கும் பொருள்களிடையே எடுத்த ஒரு புழுவுக்கென இச்சாதியை வகுத்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து இரண்டாம் இனம் சேர்ந்தது. அது சாந்தா கற்றலினாவின் திமிங்கிலத்திலிருந்து கிடைத்தது. அதை விவரித்தவர் வாஷிங்ரன் நகரின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் பணியாற்றிய மரியன் பெற்றிபோன் என்னும் அம்மையார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. ஆழ்கடற் செதிற்புழுக்களைப் பற்றி இன்று எழுதுவோர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு பக்கமும் எழுத முடியாது. நீர்மூழ்கிகள் கொண்டுவந்த போத்தல்களை மேசையில் வைத்துக்கொண்டு, கால் கால்களாக, முள் முள்ளாக எண்ணி வரைந்து, இனங்களைப் பிரித்த பெருமை அவருடையது.

செவுள் என்பது செதிற்புழுக்களிலே மிக அரிது. ஆயினும் பெயினாலியோபொலினோயியும் அதற்கு நெருங்கிய நான்கு சாதிகளும் கிளைவிட்ட செவுள்களை உடையன. இவ்வைந்து சாதிகளும், சல்பைட்டும் மெதேனும் உணவுக்கு ஆதாரமான ஆழ்கடல் இடங்களிலேயே காணப்படுகின்றன. இது தற்செயலன்று. அவ்விடங்களிலே உணவு மிகுதி, ஒட்சிசனோ குறைவு. எனவே மூச்சுவாங்கும் பரப்பை அகலப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வகைப் புழுக்கள் சிலவற்றின் உடலில், நம் குருதியைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபின் என்னும் பொருளும் நிறைந்திருக்கிறது. கிடைக்கும் சிறிதளவு ஒட்சிசனையும் அது பற்றிச் சேமிக்கிறது. விருந்து மண்டபத்தில் காற்றோட்டம் இல்லையென்றால், வருகிறவன் பெரிய நுரையீரலோடு வரவேண்டியதுதானே!

செதிலின் நிறத்துக்கு வருவோம். அந்த இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் சாயம் ஏதுமில்லை. சவர்க்காரக் குமிழியின் மேலே நெளியும் நிறங்களை எல்லாரும் கண்டிருப்பர். மழைநீர்த் தேக்கத்தில் ஒரு துளி எண்ணெய் விழுந்தாலும் அந்நிறங்கள் தோன்றும். குமிழியின் தோல் மிக மெல்லியது. அதன் வெளிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியலையும், உள்முகம் வரை சென்று திரும்பும் ஒளியலையும் வழியில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒரு நிறத்துக்குரிய அலைகள் ஒத்துச்சேர்ந்து வலுக்கின்றன. வேறொரு நிறத்துக்குரியவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எந்த நிறம் வலுக்கும் என்பதைத் தீர்மானிப்பது தோலின் தடிப்பு. மன்னார் முத்தின் மேலே ஒளி உருண்டோடுவதும், அதில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள மெல்லிய சுண்ணாம்புப் படலங்களிலே நிகழும் இத்தகைய விளையாட்டினாலேயாம்.

ஓர்பனே புழுவின் செதில்களை நுணுக்குக்காட்டியில் அளந்து பார்த்தபோது, புழு வளர வளர அவற்றின் தடிப்பு மாறுவதும், தடிப்பு மாற நிறம் மாறுவதும் தெரியவந்தன. ஒரே இனத்திலே நீலமாக ஒன்றும் இளஞ்சிவப்பாக மற்றொன்றும் இருப்பதன் இரகசியம் இதுவே. வயதுக்கும் பருமனுக்கும் ஏற்ப உடை மாறுகிறது என்று சொல்லலாம். அந்நிறத்தால் புழுவுக்கு ஏதும் பயன் உண்டோ என்று கேட்கத் தோன்றும். கண்ணில்லாத பிராணிக்கு நிறத்தால் என்ன பயன்? தடித்த கவசத்தால் பயன் உண்டு. நிறம் அத்தடிப்பின் நிழல் மாத்திரமே. மயிலின் தோகை பேடு காண்பதற்காக; மலரின் வண்ணம் வண்டு காண்பதற்காக. இங்கோ, காண்பாரை எதிர்பாராமலே அழகு உண்டாகிவிட்டது. அழகுக்கெல்லாம் ஒரு நோக்கம் கற்பிக்க முயலும் நம் பழக்கத்தை இப்புழு சற்றே அசைத்துவிடுகிறது.

கவசம் என்றோம். அது எவரிடமிருந்து காக்கும் கவசம்? இவ்வினாவுக்கு விடை கிடைத்த விதமே இக்கதையில் சுவை மிகுந்த பகுதி. ஆழத்திலிருந்து எடுத்துவந்த ஓர்பனே புழுக்களின் செதில்களிலே, விளிம்பைக் கத்தரித்தாற்போன்ற வெட்டுக்கள் காணப்பட்டன. இவை எப்படி உண்டாயின என்பது ஆராய்ச்சியாளருக்குப் புலப்படவில்லை. சேகரிக்கும்போது இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்திருக்கலாம். வேறொரு பிராணி கடித்திருக்கலாம். போத்தலிலே மதுசாரத்தில் மிதக்கும் உடலிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் அது வாய்திறவாது.

பின்னொரு நாள், கப்பலிலிருந்து கம்பிவடத்தில் இறக்கப்பட்ட ஆளில்லா இயந்திரத்தின் கமெரா, பெஸ்கடேரோவின் அடியில் இரண்டு புழுக்கள் நெருங்கிவருவதைப் படம் பிடித்தது. மேலே கப்பலில் இருந்தவர்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தனர். திடீரென்று அப்புழுக்கள் வெடவெடவென்று நடுங்கித் துள்ளத் தொடங்கின. நடனம் போலத் தோன்றிய அது அடுத்த கணமே சண்டையாயிற்று. ஒன்று தன் தொண்டையை வெளியே நீட்டி மற்றதன் செதிலைக் கடித்தது; மற்றதும் திருப்பிக் கடித்தது. விலகின, மீண்டும் நெருங்கின, மீண்டும் கடித்தன. செதிற்புழுக்களிடத்திலே இத்தகைய நடத்தையைப் பல ஆண்டுகள் அவற்றை ஆராய்ந்த ரவுஸ் போன்றோரும் அதற்குமுன் கண்டதில்லை. செதிலின் வெட்டுக்களுக்குக் காரணம் அங்கே அவர்கள் கண்முன் நடந்துகொண்டிருந்தது. பகைவன் வெளியிலிருந்து வரவில்லை; உடன்பிறப்பே கடித்தது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெற்றிபோன் அம்மையாரைப் போன்ற ஒருவர் வாழ்நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து ஆராய்ந்தாலும், இறந்த உடல் சொல்லக்கூடியது உறுப்புக்களின் அமைப்பை மாத்திரமே. உயிருள்ள புழு உயிருள்ள இடத்தில் என்ன செய்கிறது என்பதைச் சில நிமிடப் படம் சொல்லிவிட்டது. அதற்காக மேசையின் வேலையை இழிவாக எண்ணுவதற்கில்லை. செதிலின் விளிம்பிலே வெட்டு இருப்பதை மேசையில் அமர்ந்தவர் முன்னரே கண்டு குறித்துவைக்காவிட்டால், திரையில் நடந்தது இரண்டு புழுக்களின் கூத்தாகவே கழிந்துபோயிருக்கும்.

மற்ற மூன்று இனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்விஸ் பெயர் தாங்கிய புழுவும், ஷானா கொஃப்றெடி என்னும் பெண் ஆராய்ச்சியாளரின் பெயர் பெற்ற புழுவும், கலிபோர்ணியாவின் மொண்டறே ஆழ்பள்ளத்தாக்கிலே திமிங்கிலச் சடலங்களில் கிடைத்தவை. அங்கே ஆராயப்பட்ட திமிங்கிலங்களுள் தாமாக அமிழ்ந்தனவும் உண்டு. கரையில் ஒதுங்கியதை விஞ்ஞானிகளே கடலுக்கு இழுத்துச்சென்று, பாரம் கட்டி அமிழ்த்தினவும் உண்டு. நான்காவது இனம் மத்திய அமெரிக்காவின் கொஸ்தாரிக்காவுக்கு அப்பால் மெதேன் கசியும் இடத்திற் கிடைத்தது. இந்நான்கும் ஒன்றினின்றொன்று வேறானவை என்பதை உறுதிப்படுத்தியது பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுவன அதில் வேறாகத் தெரியும். நீலமும் இளஞ்சிவப்புமாக வேறுபட்டுத் தோன்றுவன அதில் ஒன்றாகவும் தெரியும். நிறத்தை நம்பி இனம் பிரித்திருந்தால் கணக்கு எவ்வளவு பிழைத்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப்பார்க்கலாம். இரண்டே இனங்கள் இருந்த சாதியிலே ஒரே கட்டுரையினால் ஆறு இனங்களாயின.

ஒரு சிறு புழுவுக்குப் பெயரிடுவதால் யாருக்கு என்ன இலாபம் என்று கேட்போர் உண்டு. இவ்வினாவை அலட்சியம் செய்வதற்கில்லை. பெஸ்கடேரோவின் ஊற்றுக்கள் 2015 ஆம் ஆண்டிலே கண்டுபிடிக்கப்பட்டன. மொண்டறேயிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் கடலடியின் படத்தை நுணுக்கமாக வரைந்தபோது அவை அகப்பட்டன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 2009 ஆம் ஆண்டில், மெக்சிக்கோ அரசாங்கம் அதே வளைகுடாவின் நடுப்பகுதியிலுள்ள குவாயமாசு என்னும் பள்ளத்தின் ஊற்றுக்களையும், தெற்கே பசுபிக் மலைத்தொடரில் உள்ள வேறு ஊற்றுக்களையும் காப்பிடமாக அறிவித்துவிட்டது. நல்ல காரியம். ஆனால், அந்த ஆணை எழுதப்பட்டபோது பெஸ்கடேரோ ஊற்றுக்கள் இருப்பதை அறிந்தவர் எவருமிலர். ஒருவரும் அறியாத இடத்தை எந்தச் சட்டத்தில் எழுதுவது?

ஓர் ஊற்றைக் காத்தால் போதாதோ, எல்லா ஊற்றிலும் அதே பிராணிகள்தானே என்று கூறவும் கூடும். பெஸ்கடேரோவிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தூரத்தில் அலார்க்கோன் என்னும் கடலடி மேட்டிலும் வெந்நீர் ஊற்றுக்கள் உள்ளன. அதிக தூரமன்று. ஆயினும், ஷானா கொஃப்றெடியும் அவருடைய தோழர்களும் இரண்டையும் ஒப்பிட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஈரிடத்து உயிர்க்கூட்டங்களும் பெரிதும் வேறுபட்டவை என்று கண்டனர். ஓரிடத்துக் கோபுரங்கள் சுண்ணாம்பால் ஆனவை. மற்ற இடத்துப் பாறையோ எரிமலைக் குழம்பு உறைந்தது. நிலம் மாறக் குடிகளும் மாறுகின்றன. ஒன்றில் அழிந்ததை மற்றொன்றிலிருந்து ஈடுசெய்ய முடியாது.

அழிவு எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை தூரத்தில் இல்லை. ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே, 4,000 முதல் 5,500 மீற்றர் வரை ஆழமுள்ள பரந்த சமவெளியிலே, உருளைக்கிழங்கைக் கொட்டிவைத்தாற்போலக் கனியக் கட்டிகள் பரவிக் கிடக்கின்றன. மங்கனீசு, நிக்கல், கோபாற்று, செம்பு முதலிய உலோகங்கள் அவற்றில் உள்ளன. மின்கலங்களுக்கு இவ்வுலோகங்கள் தேவைப்படுவதால் பல நாடுகளின் கண் அங்கே விழுந்திருக்கிறது. யமேக்கா நாட்டின் கிங்ஸ்ரன் நகரில் 1994 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேசக் கடலடி அதிகாரசபை, அப்பகுதியை ஆராய்ந்து பார்ப்பதற்கான உரிமைகளைப் பங்கிட்டு வழங்கியுள்ளது. 2024 ஆம் ஆண்டு முடியும்வரை வாணிப முறையிலான அகழ்வு அங்கே தொடங்கவில்லை. கட்டிகளைப் பொறுக்கும் இயந்திரம் கட்டியை மட்டும் பொறுக்காது. அதன் கீழுள்ள சேற்றையும் அதில் வாழ்வனவற்றையும் கிளறியே செல்லும். ஒரு கட்டி சில மில்லிமீற்றர் வளர்வதற்கே பத்து இலட்சம் ஆண்டுகள் ஆகும் என்பதால், கிளறிய இடம் பழைய நிலைக்கு வருவதைக் காண மனித குலத்தில் எவரும் காத்திருக்க இயலாது.

அச்சமவெளியிலும் செதிற்புழுக்கள் உண்டு. அவை ஓர்பனேயைப் போல விருந்துண்டு தடித்தவையல்ல. மேலிருந்து விழும் துணுக்குகளை நம்பிய வறிய கடலடியில் வாழ்பவை. நிறமற்று, எளிதில் ஒடியும் உடலுடையவை. பிரான்சு நாட்டின் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த போனிபாசியோ, மெனோ என்னும் இருவர் அங்கிருந்து எடுத்த செதிற்புழுக்களை ஆராய்ந்து, 2019 ஆம் ஆண்டில் அச்சேறிய ஒரே கட்டுரையில் பதினேழு புதிய இனங்களை விவரித்தனர். அகழ்வுக்காக உரிமை பங்கிடப்பட்ட நிலத்திலே, பெயரில்லாமல் குடியிருந்தவை அப்பதினேழும். கடலடியின் கணக்கை எழுதுவோர் இனி அவற்றையும் குடிகளாகச் சேர்த்தே எழுதவேண்டும்.

ஓர்பனே புழுக்களோ, பெஸ்கடேரோவின் வெண்கோபுரங்களின் அடியிலே, விளக்கணைத்து இயந்திரம் மேலேறிப் போன பின்பும், ஒருவர் செதிலை ஒருவர் கடித்துக்கொண்டு இருக்கின்றன.